தனுஷ்கோடிப் பூநாரைச் சரணாலயம்: யார் விலக வேண்டும்?

#1 முனைக்காட்டான் (இராமேசுவரம்)

2025 ஜூன் 5 அன்று தமிழக அரசு தனுஷ்கோடியில் 'பெரிய பூநாரை' (ஃபிளமிங்கோ) இனத்துக்கான சரணாலயத்தை அறிவித்தது. பரப்பு 524.7 ஹெக்டேர். 2023-24 நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் இங்கே 128 இனங்கள், 10,700க்கும் மேற்பட்ட பறவைகள் பதிவாகியிருந்தன. அதுவரைக்கும் நல்ல செய்திதான்.

எனக்கு உறுத்துவது வேறு. சரணாலயம் என்று பலகை வைத்ததும் முதலில் உள்ளூர்க்காரனைத்தான் ஓரம் கட்டுவார்கள். கரைவலை இழுக்கிறவன், கடற்கரையில் கடை போட்டவன், கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் எல்லாரும் திடீரென்று 'இடையூறு' ஆகிவிடுவார்கள். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு வந்து போகும் வண்டிகளுக்கு மட்டும் பெயர் சுற்றுலா. கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பில் பூநாரை நின்றால், வண்டியைப் போட்டுவிட்டு போனைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கி ஓடுகிறவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள் இல்லை.

இது மனிதனைக் கண்டால் ஆகாத பறவையா, மனிதனை ஒட்டிப் பிழைக்கத் தெரிந்த பறவையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 'இயற்கையைக் காப்போம்' வகைப் பதில்கள் வேண்டாம்.

#2 வலசை வாசு (சென்னை)

ஆகாத பறவைதான், சந்தேகமே வேண்டாம். கூட்டத்தைக் கவனித்துப் பாருங்கள். நாம் நெருங்கினால் முதலில் ஓரத்தில் இருக்கும் சில பறவைகள் தலையைத் தூக்கும். அப்புறம் மொத்தக் கூட்டமும் ஒரே திசையில் நடக்க ஆரம்பிக்கும். அப்போதே நாம் நின்றுவிட வேண்டும். இன்னும் போனால் தண்ணீர்மேல் நாலைந்து தப்படி ஓடி எழும்பிவிடும். அந்த நொடியைப் படமெடுக்கத்தான் பாதிப்பேர் நெருங்குகிறார்கள். சிலர் கல்லெறிகிறார்கள், இப்போது டிரோன் வேறு.

கூடு கட்டும் இடத்தில் இது இன்னும் மோசம். பூநாரை வருடத்துக்கு ஒரே முட்டைதான் இடும், அதுவும் எல்லா வருடமும் இல்லை. தொந்தரவு அதிகமானால் ஆயிரக்கணக்கான கூடுகளை அப்படியே போட்டுவிட்டு மொத்தமாகப் போய்விடும். நம் நாட்டில் அது பெருங்கூட்டமாகக் கூடு கட்டும் குஜராத்தின் கட்ச் ரண் எங்கே இருக்கிறது? மழைக்காலத்தில் தண்ணீரும் சேறுமாகக் கிடக்கும், பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய, ஒட்டகத்தில் போக வேண்டிய இடம். 1945இல் பறவையியலாளர் சாலிம் அலி அங்கே போய் ஐந்து லட்சம் பறவைகள் இருக்கலாம் என்று கணித்தார். மனிதன் எளிதில் போக முடியாத இடமாகப் பார்த்துத்தான் அது கூடு கட்டுகிறது.

உள்ளூர்க்காரன், வெளியூர்க்காரன் என்ற பேதமெல்லாம் பறவைக்குத் தெரியாது, அண்ணா. எல்லோரும் விலக வேண்டும்.

#3 உப்பு மாணிக்கம் (வேதாரண்யம்)

தம்பி வாசு, நீங்கள் கேமராவோடு பார்த்ததைச் சொல்கிறீர்கள். நான் உப்பளத்தில் பார்த்ததைச் சொல்கிறேன்.

உப்பளம் என்றால் ஒரே பாத்தி இல்லை. கடல்நீரை முதலில் பெரிய தேக்கத்தில் ஏற்றுவோம். அங்கே மீனும் இறாலும் கூடவே வந்துவிடும். அதிலிருந்து அடுத்தடுத்த பாத்திகளுக்கு விட விட வெயிலில் நீர் காய்ந்து உப்பு ஏறும். நடுப் பாத்திகளில் மீன் தங்காது, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சின்ன உப்புநீர் இறால்தான் இருக்கும். கடைசிப் பாத்தியில் உப்பைத் தவிர எதுவும் இல்லை. பூநாரை வந்து மேய்வது பெரும்பாலும் அந்த நடுப் பாத்திகளில்தான். ஆழமும் அதற்கு வசதி. வரப்பில் ஆள் போய்க்கொண்டுதான் இருப்பார்கள், அது தன்பாட்டுக்கு மேயும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே வரப்பில், ஒரே வேகத்தில் போகிறவனை அது கண்டுகொள்வதில்லை. புது ஆள், அதுவும் குனிந்து பதுங்கி வருகிறவன் என்றால்தான் எழும்பும். பதுங்குகிறவன் யார் என்று அதற்குத் தெரியும்!

அதற்காக உப்பளமெல்லாம் பறவைக்குக் கோயில் என்று நான் சொல்லவில்லை. சிறு உற்பத்தியாளர் பாத்தி வேறு, இயந்திர பம்பு வைத்துச் சதுப்பையே வளைத்துக் கரை போட்ட பெரிய உப்பளம் வேறு. முன்னே வடகிழக்குப் பருவமழை முடிந்து தண்ணீர் தானாக வடியும்போது சதுப்பு முழுக்க ஓரடி ஈரடி நீர் நிற்கும். கரை போட்டபின் ஒரு பக்கம் எப்போதும் ஆழம், ஒரு பக்கம் வறட்டுத் தரை. கோடியக்கரையில் பூநாரைக் கூட்டம் முன்போல் இல்லை என்று பறவை ஆராய்ச்சிக்காரர்களே எழுதியிருக்கிறார்கள். ஆள் நடந்ததாலா குறைந்தது? தண்ணீர் மாறியதால்.

#4 சேற்றுக்கால் (விலங்கியல், முதுநிலை)

மாணிக்கம் ஐயா சொன்ன ஆழம்தான் இதில் முக்கியமான விஷயம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூநாரை தலையைக் கவிழ்த்துப்போட்டு, மேல் அலகு கீழே இருக்கும்படி வைத்துக்கொண்டு சாப்பிடும். தடித்த நாக்கு பிஸ்டன் மாதிரி முன்னும் பின்னும் போய் நீரை இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் சீப்புப் பற்கள் போன்ற தகடுகள் இரையை மட்டும் பிடித்துவைக்கும். பெரிய பூநாரைக்கு இந்தத் தகடுகளின் இடைவெளி அதிகம், அதனால் சின்ன இறால், பூச்சிப் புழு, நத்தை, விதை இதெல்லாம் தின்னும். சிறிய பூநாரை என்ற இன்னொரு இனத்துக்கு மிக நெருக்கமான தகடுகள், அது நீலப்பச்சைப் பாசியையே வடித்துத் தின்னும். கடைகளில் மாத்திரையாக விற்கும் ஸ்பைருலினா இருக்கிறதே, அந்த வகைதான்.

2025இல் வந்த ஆய்வு ஒன்று இன்னும் சுவாரசியம். இது சும்மா வடிகட்டுவதில்லையாம். பாதத்தால் சேற்றை மிதித்து ஒரு சுழல், தலையைச் சட்டென்று மேலே இழுத்து ஒரு சுழல், அலகைப் படபடவென்று அடித்து இன்னொன்று என்று நீருக்குள் குட்டிக் குட்டிச் சுழல்களை உண்டாக்கி, தப்பியோடும் இரையை அலகுக்குள் கொண்டுவருகிறது. இதற்கெல்லாம் கால் தரையில் பட வேண்டும், கழுத்து தரை வரை எட்ட வேண்டும். பூநாரைக்கு நீந்தத் தெரியும், ஆனாலும் ஆழமான நீரில் வயிறு நிறையாது.

சரி, ஏன் உப்புநீர்? உப்பு ஏறினால் மீன் இருக்காது. மீன் இல்லையென்றால் இறாலுக்கும் புழுவுக்கும் போட்டியாள் இல்லை. உடம்பில் சேரும் உப்பை மூக்கருகே உள்ள சுரப்பி வழியாக வெளியேற்றிவிடும். குடிக்கவும் குளிக்கவும் பக்கத்தில் நல்ல தண்ணீர் கிடைத்தால் அங்கே போகும்.

நிறமும் இரையிலிருந்துதான் வருகிறது. பாசியிலும் இறாலிலும் உள்ள கரோட்டினாய்டுதான் சிவப்பு. குஞ்சு சாம்பல் நிறமாக இருக்கும், இளஞ்சிவப்பு ஏற இரண்டு மூன்று வருடமாவது ஆகும். ஆணும் பெண்ணும் இருவருமே தொண்டைப்பையிலிருந்து ஒரு 'பால்' சுரந்து குஞ்சுக்கு ஊட்டும், பார்த்தால் இரத்தம் மாதிரி சிவப்பாக இருக்கும். ஜோடி சேரும் பருவத்தில் வாலடிச் சுரப்பியின் நிறமியை எடுத்துக் கழுத்தில் பூசிக்கொள்வதையும் பதிவு செய்திருக்கிறார்கள். ஆமாம், மேக்கப்.

ஆக, #1க்கு என் பதில்: மனிதன் கண்ணில் பட்டால் அது நூறு மீட்டர் தள்ளிப் போகும். ஆழத்தையும் உப்பையும் மனிதன் மாற்றினால் ஊரை விட்டே போகும்.

#5 கடலைமிட்டாய்

எல்லாம் சரி. கார் வாங்கியே ஆக வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒருவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். அதற்கு ஏதாவது ஆய்வு உண்டா?

#6 சேற்றுக்கால்

உண்டு! 2017இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இறந்த பூநாரையின் உடலை ஒற்றைக்காலில் நிறுத்திப் பார்த்தார்கள். தசையே வேலை செய்யாமல் அது விழாமல் நின்றது. இரண்டு காலில் நிற்கவைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. எனவே உங்கள் வீட்டுக்காரர் களைத்துப்போவார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

#7 வங்காலையான் (மன்னார்)

வணக்கம். தனுஷ்கோடியில் நிற்கிற பூநாரைக்கு மன்னார் ஒரு பறப்புத் தூரம்தான், ஆகவே நானும் இதில் உரித்துள்ளவன் என்று நினைக்கிறேன்.

சேற்றுக்கால் சொன்னதற்கு எங்கள் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. தெற்கே புந்தல. 1990இல் இலங்கையின் முதலாவது ராம்சார் இடமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. ஒரு காலத்தில் இலங்கையில் பூநாரை பார்ப்பதென்றால் புந்தலதான். கிரிந்தி ஓயா நீர்ப்பாசனத் திட்டம் வந்தபின் வயல்களின் வடிகால் நீர் மலல, எம்பிலிகல களப்புகளுக்குள் (உப்பங்கழிகளுக்குள்) இறங்கத் தொடங்கியது. நல்ல தண்ணீர்தானே என்று நினைப்பீர்கள். அந்த நல்ல தண்ணீர்தான் களப்பின் உவர்ப்பைக் குறைத்தது, பூநாரைகள் வருவதும் அருகிப்போனது. அவ்வளவும் தேசியப் பூங்காவுக்குள் நடந்தது. வேலி இருந்தது, காவல் இருந்தது, நுழைவுச்சீட்டு இருந்தது. தண்ணீரை ஒருவரும் காவல் காக்கவில்லை.

இப்போது கூட்டங்களைப் பார்க்க சனம் மன்னாருக்கு வருகிறது. வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வீதியில் நின்றே பார்க்கலாம். ஆனால் மன்னார்த் தீவில் காற்றாலைகள் வந்துவிட்டன, மேலும் போடத் திட்டமிடுகிறார்கள். பெரிய தனியார்த் திட்டம் ஒன்று 2025 பெப்ரவரியில் கைவிடப்பட்டது. பறவைகளின் வலசைப் பாதை என்று சூழலியலாளர்கள் எதிர்த்தார்கள். மழைநீர் வழிந்தோடாமல் ஊருக்குள் நிற்கிறது என்று சனம் எதிர்த்தது. இரண்டும் ஒரே போராட்டத்தில் சேர்ந்ததைப் பார்த்தேன். பறவைக்கும் எங்களுக்கும் பிரச்சினை தண்ணீர்தான்.

#8 வலசை வாசு

புந்தல உதாரணம் வலுவானது, மறுக்கவில்லை. ஆனால் 'தண்ணீர்தான் எல்லாம், ஆள் பிரச்சினையே இல்லை' என்று இந்த இழை போவதை ஏற்க முடியாது. இங்கே பள்ளிக்கரணைச் சதுப்புக்கு வாருங்கள். ஒரு பக்கம் குப்பைமேடு, ஒரு பக்கம் ரேடியல் சாலை. நடுவில் பூநாரை நிற்கிறது. உடனே 'பாருங்கள், மனிதனோடு எவ்வளவு அழகாக வாழ்கிறது' என்று பதிவு போடுகிறார்கள். வேறு இடம் இல்லாமல் நிற்கும் பறவையைப் பார்த்து நட்பு என்று சொல்வது நம்முடைய வசதி.

உப்பளமும் அப்படித்தான். சதுப்பை அழித்துவிட்டு அதில் பத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தருவது தானமா?

#9 செம்பூர்த் தமிழன் (மும்பை)

வாசு சாருக்கு மும்பைக் கதையைச் சொல்ல வேண்டும். நல்ல கதையா கெட்ட கதையா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

எங்கள் தானே கழிமுகத்துக்குப் பூநாரைகள் பெருங்கூட்டமாக வரத் தொடங்கியது கடந்த முப்பது சொச்சம் ஆண்டுகளில்தான். பெரும்பாலும் சிறிய பூநாரை. காரணம் கேட்டால் முகம் சுளிப்பீர்கள். நகரத்தின் கழிவுநீர். அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் சேற்றில் பாசியை வளர்த்தன, பாசி பூநாரையை அழைத்தது. சிவ்ரியில் எண்ணெய்க் கிடங்குகளுக்கு முன்னால் இளஞ்சிவப்புக் கூட்டம் நிற்கும். 2015இல் அதைச் சரணாலயமாக்கினார்கள், 2022இல் ராம்சார் இடமும் ஆனது. நவி மும்பைக்காரர்கள் பூநாரை நகரம் என்றே பெருமை பேசுவார்கள், சாலைச் சந்திப்பில் சிலை, சுவரில் ஓவியம், எல்லாம் உண்டு.

அதே நேரம் அது நிற்கும் குளங்களுக்குக் கடல்நீர் வரும் வழியை அடைக்கிறார்கள். ஓதம் ஏறும்போது சேறு மூழ்கிவிடும், அப்போது ஒதுங்கி நிற்க அந்தக் குளங்கள்தான் இடம். 2024 மே 20 இரவு காட்கோபர் பக்கம் தரையிறங்கிக்கொண்டிருந்த விமானத்தில் ஒரு கூட்டம் அடிபட்டது. 39 பறவைகள். மறுநாள் குடியிருப்புகளின் நடுவே சிறகும் உடலும் கிடந்தன. ஏன் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் பறந்தன என்று இன்றும் சண்டை நடக்கிறது. ஒதுங்கும் இடத்தைக் கெடுத்ததால் பாதை மாறின என்பது ஒரு கட்சி, மின்கம்பிகள் என்பது இன்னொன்று.

இதில் கழிவுநீர் பறவைக்கு நண்பனா எதிரியா?

#10 கடலைமிட்டாய்

அப்போ கூவத்துக்கு எப்போ வரும்?

#11 சேற்றுக்கால்

கூவத்துக்கு வராது, வரவும் வேண்டாம். செம்பூர்த் தமிழன் கேட்ட கேள்விக்கு தென்னாப்பிரிக்காவில் பதில் கிடைத்துவிட்டது.

கிம்பர்லி நகரத்தின் ஓரத்தில் காம்பர்ஸ் அணை என்று ஓர் ஏரி. நகரத்தின் சுத்திகரித்த கழிவுநீர் விழுவதால் ஆண்டு முழுக்க நீர் நிற்கும், பாசியும் ஏராளம். சிறிய பூநாரை ஆயிரக்கணக்கில் வந்தது, ஆனால் கூடு கட்டவில்லை. 2006இல் ஒரு சுரங்க நிறுவனம் ஏரிக்குள் எஸ் வடிவத்தில் செயற்கைத் தீவு ஒன்றைக் கட்டிக்கொடுத்தது. அடுத்த பருவங்களில் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் பொரித்தன. உலகத்தில் சிறிய பூநாரை ஒழுங்காகக் குஞ்சு பொரிக்கும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதில் இது ஒன்றானது. 2019 ஜனவரியில் நீர் வற்றி, பெற்ற பறவைகள் போய்விட, ஏறக்குறைய 2,000 குஞ்சுகளைத் தன்னார்வலர்கள் தூக்கிக்கொண்டுபோய் நாட்டின் பல மையங்களில் வளர்த்தார்கள். அதன்பின் சுத்திகரிப்பு நிலையம் பழுதாகி, கழிவு அப்படியே ஏரியில் விழுந்தது. பூநாரை போய்விட்டது.

சுத்திகரித்த நீரால் வந்தது, சுத்திகரிக்காத நீரால் போனது. கழிவுநீர் நண்பனா எதிரியா என்பது குழாயைப் பராமரிக்கும் நகராட்சியைப் பொறுத்தது.

#12 பழவேற்காட்டுப் பாடு

என் அப்பா பழவேற்காட்டில் வலைக்காரர். நேராகவே கேட்கிறேன். பூநாரைக் கூட்டம் ஓர் இடத்தில் இறங்கினால் அங்கே இறால் குஞ்சு மிஞ்சாது என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். அதைக் கேட்டே வளர்ந்தேன். மேலே 'சின்ன இறால் தின்னும்' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆந்திரப் பக்கம் சூளூர்ப்பேட்டையில் ஆண்டுதோறும் பூநாரைத் திருவிழா எடுக்கிறார்கள், மேடை, பாட்டு, கூட்டம். எங்கள் வலையில் குறைந்த இறாலுக்கு யார் விழா எடுப்பது?

ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடலாம் என்பதற்குப் பாடு முறை வைத்து நாங்கள் தலைமுறைகளாக நடத்துகிறோம். பறவைக்கு அந்தக் கணக்கு இல்லை!

#13 சேற்றுக்கால்

உங்கள் பெரியவர்கள் சொன்னதை மூடநம்பிக்கை என்று தள்ள மாட்டேன். சில மில்லிமீட்டர் அளவுள்ள எதுவும் பெரிய பூநாரையின் அலகில் மாட்டும், இறால் குஞ்சும் விதிவிலக்கு இல்லை. ஆனால் ஏரியில் உங்கள் வலைக்கு வரும் இறால் வகைகளில் முக்கியமானவை கடலில் முட்டையிடுபவை. அவற்றின் குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்பும். முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கும் பருவத்தில் குஞ்சு உள்ளே வரவே வழியில்லை. அந்த இழப்பின் பக்கத்தில் பூநாரை தின்றது எம்மாத்திரம்?

முகத்துவாரம் மூடினால் பறவைக்கும் நல்லதில்லை. மழைக்குப் பின் ஏரி வடியாமல் ஆழமாகவே நிற்கும், கோடையில் ஒரேயடியாக வறண்டுவிடும்.

#14 பழவேற்காட்டுப் பாடு

முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்துவைக்கச் சொல்லி எங்கள் ஊர்க்காரர்கள் மனு கொடுக்காத அலுவலகம் இல்லை. அந்த மனுவில் பூநாரையையும் ஒரு கையெழுத்துப் போடச் சொல்லலாம் போலிருக்கிறது. சரி, இறால் விஷயத்தை இப்போதைக்கு விட்டுக்கொடுக்கிறேன். முழுசாக இல்லை.

#15 பாரிசு வாசி

பூநாரையும் உப்பளமும் என்றால் பிரான்சின் கமார்க் பகுதியைப் பேசாமல் முடிக்க முடியாது. அங்கே லுக் ஹாஃப்மன் 1954இல் தூர் து வலா ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். 1960களில் கூடு கட்ட இடமில்லாமல் பூநாரை அங்கே பொரிக்காமலே இருந்த வருடங்கள் உண்டு. 1970இல் உப்பு நிறுவனத்தின் ஏரியான ஃபங்காசியேவில் ஒரு செயற்கைத் தீவு போட்டார்கள். சில வருடம் பறவை எட்டிப்பார்க்கவில்லை. அப்புறம் பழைய கூடுகள் போலச் சேற்று மேடுகளைச் செய்து வைத்தார்கள். 1974இல் வந்தது, பிறகு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான ஜோடிகள். உப்பு நிறுவனம் தன் தொழிலுக்காகக் கோடையில் நீரை ஒரே மட்டத்தில் வைத்திருந்தது, அது தீவைச் சுற்றி அகழியாகவும் ஆயிற்று, நரி வரவில்லை.

பிறகு உப்புத் தொழில் சுருங்கி, அந்த நிலத்தை இயற்கைப் பாதுகாப்புக்காக அரசு அமைப்பு வாங்கியது. வாசு, இதைக் கவனியுங்கள். பம்பு நின்றது, கரைகளைப் பராமரிக்கவில்லை, கடலே தன் வழியை மீட்டுக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். நியாயமான முடிவுதான். ஆனால் நீர்மட்டம் தாறுமாறாகி பூநாரை அந்தத் தீவை விட்டுவிட்டது. இப்போது முக்கியமாகப் பொரிப்பது எங்கே தெரியுமா? ஏக்மோர்த்தில், இன்றும் உப்பு எடுக்கும் அளத்தில்.

அதே கமார்க்கில் நெல் விவசாயிகளுக்கு அதைக் கண்டால் ஆகாது. இரவில் நாற்று வயலில் இறங்கிச் சேற்றை மிதித்து உழப்பிவிடும். வாயுப் பீரங்கி வெடித்துத் துரத்துவார்கள். இத்தாலியில் ஃபெராரா பக்கம் 2024இல் இதே புகார் வந்தது. ஆக, உப்புக்காரனுக்குத் தோழன், நெல்லுக்காரனுக்குப் பகை.

#16 உப்பு மாணிக்கம்

சபாஷ், பாரிசுத் தம்பி. இதைத்தான் நான் சொல்ல வந்தேன், எனக்கு பிரெஞ்சுப் பெயர்கள் தெரியாது, அவ்வளவுதான்.

#17 கடலைமிட்டாய்

தலைப்புக்குச் சம்பந்தமில்லாமல் ஒன்று: ரோமானியர்கள் பூநாரை நாக்கைத் தின்றார்கள் என்பது உண்மையா?

#18 பாரிசு வாசி

உண்மை. பெரிய விருந்துகளில் அது ஒரு படாடோபம். அபிசியஸ் பெயரில் உள்ள சமையல் தொகுப்பில் முழுப் பறவையைச் சமைக்கவும் குறிப்பு இருக்கிறது.

இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள், நம் காலத்துக்கதை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் விலங்குக் காட்சிச்சாலையில் 83 வயதாவது இருக்கும் ஒரு பெரிய பூநாரை 2014இல் இறந்தது. 1930களில் அங்கே வந்தது. 2008இல், கண் சரியாகத் தெரியாத அந்தக் கிழப்பறவையைச் சில பையன்கள் அடித்துப்போட்டார்கள். அதிலிருந்தும் பிழைத்தது. 'நாகரிகம் வளர்ந்துவிட்டது' என்று யாராவது எழுதும் முன் சொல்லிவைக்கிறேன்.

#19 வலசை வாசு

கமார்க் விஷயத்தை யோசித்தேன். ஒன்றை ஒப்புக்கொள்ளலாம்: ஏற்கெனவே மனிதன் கைவைத்த இடத்தில் அப்படியே கையை எடுத்துவிடுவது பாதுகாப்பு ஆகாது. ஆனால் எல்லா இடமும் அப்படி இல்லை. தான்சானியாவின் நாட்ரான் ஏரியில் சலவைச் சோடா எடுக்கத் திட்டம் போட்டார்கள். கிழக்கு ஆப்பிரிக்கச் சிறிய பூநாரை அத்தனைக்கும் கூடு கட்ட நம்பகமான இடம் அது ஒன்றுதான். உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பி, 2008இல் நிறுவனம் பின்வாங்கியது. அங்கே 'உப்புக்காரன் தோழன்' என்று விட்டிருந்தால்? சிலியின் அட்டகாமா உப்புப் பரப்பில் மின்சார வண்டி பேட்டரிக்கான லித்தியத்துக்காக உப்புநீரை உறிஞ்சுகிறார்கள். ஆண்டியன் பூநாரையும் ஜேம்ஸ் பூநாரையும் அங்கே பதினோரு ஆண்டுகளில் 10 முதல் 12 சதவீதம் குறைந்ததாக 2022 ஆய்வு சொல்கிறது. துருக்கியின் துஸ் ஏரியில் 2021 ஜூலையில் குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் வறண்ட தரையில் செத்துக் கிடந்தன. வறட்சியோடு, ஏரிக்கு வரும் நீரைப் பாசனத்துக்குத் திருப்பியதும் காரணம் என்றார்கள்.

எனவே கேள்வி 'விலகலாமா, சேர்ந்திருக்கலாமா' என்பது இல்லை. எங்கே விலகுவது, எங்கே வேலை செய்வது என்பது. தனுஷ்கோடியில் கூடு கட்டவில்லை, மேய வருகிறது. கூடு கட்டும் இடத்தின் அளவுக்குக் கெடுபிடி வேண்டாம், சரி. ஆனால் சேற்றில் வண்டி இறக்குவதும் டிரோனும் முழுசாக நிற்க வேண்டும்.

#20 முனைக்காட்டான்

இது நான் கையெழுத்துப் போடக்கூடிய பேச்சு. எங்கள் தரப்பிலிருந்து சொல்கிறேன்: சரணாலயத்துக்குக் காவலுக்கு ஆள் எடுத்தால் ஊர் மீனவர்களிலிருந்து எடுக்கட்டும். எந்த மாதத்தில் எந்தப் பள்ளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும், எந்தக் காற்றுக்கு எங்கே கடல் ஏறும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. தெருநாய்த் தொல்லையும் இருக்கிறது. சுற்றுலாக்காரர்கள் போடும் மிச்சச் சோற்றுக்கு வளர்ந்தவை அவை. யாரும் அதைப் பேசுவதில்லை.

கரைவலை இழுக்கும் இடத்தையும் பறவை மேயும் இடத்தையும் ஒரே வரைபடத்தில் குறித்துக் கிராமக் கூட்டத்தில் வைக்க வேண்டும் என்று மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். நீர்மட்டத்தை மாதாமாதம் அளந்து பதிவு செய்ய வேண்டும் என்பதையும் சேர்க்கிறேன். சேற்றுக்கால், அதை எப்படி அளப்பது என்று எளிமையாக எழுதித் தர முடியுமா?

#21 சேற்றுக்கால்

தருகிறேன். அளவு குறித்த கம்புகளை நாலைந்து இடத்தில் நட்டால் ஆழத்துக்குப் போதும். உப்பை அளக்க மாணிக்கம் ஐயா கையில் இருக்கும் கருவியே சரி.

#22 உப்பு மாணிக்கம்

பாமானி. பாத்தியில் விட்டுப் பார்க்கும் கண்ணாடிக் கருவி, விலை அதிகமில்லை. ஒன்று நானே அனுப்புகிறேன், முகவரியைத் தனிச் செய்தியில் போடுங்கள்.

#23 கடலைமிட்டாய்

நான் குடும்பத்தோடு வந்து பார்க்க எப்போது வரலாம்? (இது உண்மையான கேள்வி.)

#24 முனைக்காட்டான்

ஜனவரி, பிப்ரவரியில் வாருங்கள். விடிந்து வெயில் ஏறுவதற்குள் கோதண்டராமர் கோயில் சாலைக்கு வந்துவிடுங்கள். பைனாகுலர் இருந்தால் கொண்டுவாருங்கள், டிரோன் இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சாலையை விட்டு இறங்க வேண்டாம். சேறு பார்க்கத்தான் கெட்டியாகத் தெரியும், வண்டி இறங்கினால் தூக்க ஆள் தேட வேண்டியிருக்கும். நாங்கள் வந்து தூக்குவோம், ஆனால் திட்டிக்கொண்டே தூக்குவோம்.